அட்லஸ் மடிப்பில் விழுந்த ஊர்

ஆக்லாந்தில் என்னை முதலில் வரவேற்றது பூச்சி மருந்து. விமானம் நின்ற பிறகும் யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது என்றார்கள். அரைக்கால் சட்டையும், முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறையும் அணிந்த இரண்டு அதிகாரிகள் ஏறினார்கள். கைக்கு ஒரு டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் புஸ்ஸென்று அடித்துக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார்கள். சைதாப்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கொசு மருந்து வண்டி வந்தால்கூட, மனிதர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்கள். இங்கே உள்ளே வைத்தே அடிக்கிறார்கள். அதையும் சிரித்த முகத்தோடு அடிக்கிறார்கள்.

மருந்துக்குத் தப்பியவற்றைச் சுங்கத்தில் பிடித்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான என் அக்காவுக்காக அம்மா கட்டிக் கொடுத்த கறிவேப்பிலைக் கட்டு, நாரத்தை இலைப்பொடி, மாவடு எல்லாம் மேஜைமேல் வரிசையாக வந்தன. அதிகாரி ஒரு மாவடுவை இடுக்கியால் தூக்கிப் பார்த்தார்.

“இது என்ன?”

“மாங்காய். குழந்தை மாங்காய்.”

“ரொம்ப வருத்தத்தில் இருக்கிறது போலிருக்கிறதே,” என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் போட்டார். கண்ணாடி வளையல்களை மட்டும் எண்ணெய் படாத காகிதத்தில் திரும்பச் சுற்றிக் கொடுத்தார். எத்தனை நாள் தங்குவாய் என்றார். மூன்று வாரம், பிறகு ஊருக்குப் போய் அங்கிருந்து வேலைக்கு அமெரிக்கா, என்றேன். அமெரிக்காவில் எந்த ஊர் என்றார். இனிமேல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றேன். அவர் மாவடுவைப் பார்த்த அதே இரக்கத்தோடு என்னையும் பார்த்தார்.

உண்மையிலேயே அதுதான் நிலைமை. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி என்னைப் புரோகிராமராக எடுத்திருந்தது. ஆள் கேட்டிருக்கும் ஊர்களின் பட்டியலை அனுப்புவோம், அதில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பட்டியல் வருவதற்குள், அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம் என்பதால், அக்காவைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. இருபத்து நான்கு வயதுக்குள் ஒரே வருஷத்தில் இரண்டு கண்டம்! நான் விமானத்தில் தூங்கவே இல்லை.

விமான நிலைய வாசலில் அக்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் யோகன் அத்தான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெட்ராஸில் அக்காவோடு எஞ்சினியரிங் படித்தவர். படிப்பு முடிந்தபோது அவருக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது, போகும்படி அது இல்லை. கல்யாணமாகி நான்கு வருஷம். அத்தான் ஒருநாளும் ‘ஆமா’ சொன்னதில்லை. அக்கா ஒருநாளும், அதற்கு அவர் ஊர்ச்சொல்லான ‘ஓம்’ சொன்னதில்லை. இதில் இருவருக்கும் ஒரு பிடிவாதம். சமையலறையில்கூட மிளகாய்த்தூள் டப்பா இரண்டு. ஒன்று அவருடைய வறுத்த தூள், மற்றது அக்காவுடைய சாம்பார்ப்பொடி. எல்லை தாண்டிய கரண்டியைக் கழுவாமல் மறுபக்கம் விடமாட்டார்கள்.

“என்ன மச்சாள், பெட்டி இவ்வளவு லேசா இருக்கு?” என்றார் அத்தான், தூக்கிப் பார்த்து.

“பாதியை அரசாங்கம் எடுத்துக்கிச்சு அத்தான்.”

“மாவடுவுமாடி?” என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியது என்னைப் பார்த்தா, மாவடுவைக் கேட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

நல்ல நாள் பார்த்து அணிய வேண்டிய வளையல்களை அவள் காரிலேயே மாட்டிக்கொண்டாள். அம்மா கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். “இங்க நாளெல்லாம் ஊரைவிட முன்னாலேயே விடிஞ்சுடும். நல்ல நாளும் முன்னாலயே வந்துடுச்சுன்னு சொல்லு.”

*

வீடு பிளாக்ஹவுஸ் பேயில். முழுக்க மரவீடு, தகரக்கூரை. மழை பெய்தால் கூரை பேசும்; மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மெட்ராஸில் நாங்கள் வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்துக் குடத்தை வைத்துக்கொண்டு நிற்போம். இங்கே ஒரே காலையில் நான்கு தடவை மழை பெய்து, நான்கு தடவை வெயில் அடித்தது. துணியைக் கொடியில் போடுவதும் எடுப்பதுமே ஒரு முழுநேர உத்தியோகம்.

இந்தக் குளிரில் தயிர் எப்படி உறைகிறது என்று கேட்டேன். அக்கா ஒரு அலமாரியைத் திறந்தாள். உள்ளே வெந்நீர்த் தொட்டி. அதைச் சுற்றித் தட்டுகளில் துவைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அத்தானின் சட்டைகளுக்கு நடுவில், துண்டு போர்த்திக்கொண்டு, இட்லி மாவும் தயிர்ப் பாத்திரமும் குடியிருந்தன.

“போன மாசம் மாவு பொங்கினது,” என்றார் அத்தான். “நான் வேலைக்குப் போய் நிக்கிறன், பக்கத்தில நிண்டவன் என்ன மணம் எண்டு கேக்கிறான். இட்லி எண்டு சொல்ல ஏலுமே? புது சோப் எண்டு சொன்னனான்.”

மறுநாள் காலை அக்கா, “டெய்ரிக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வா,” என்றாள். நான் சமையலறையில் தேடி ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாடு கறப்பதை எட்டத்திலிருந்து பார்க்கலாம் என்ற ஆசையும் இருந்தது. தெருமுனைவரை போனேன். மாட்டைக் காணோம், தொழுவம் இல்லை, சாணி வாசனைகூட இல்லை. செய்தித்தாளும் ரொட்டியும் மிட்டாயும் விற்கிற ஒரு பெட்டிக்கடை மட்டும் இருந்தது. அதன் நெற்றியில்தான் டெய்ரி என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த குஜராத்திக்காரர் என் தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து அப்படியே தூக்குக்குள் நிறுத்திக் கொடுத்தார்.

“நானும் வந்த வாரம் மாட்டைத்தான் தேடினேன்,” என்றார் இந்தியில்.

அவரிடம் கேட்டேன், அமெரிக்காவில் இருப்பதற்கு நல்ல ஊர் எது என்று. அவர் மைத்துனன் அங்கே மோட்டல் வைத்திருக்கிறானாம். எந்த ஊரில்? யோசித்தார். மோட்டலின் பெயர் தெரியும், எத்தனை அறை என்று தெரியும், நீச்சல் குளத்தில் தண்ணீர் விடுவதில்லை என்பதும் தெரியும். ஊரின் பெயர் மட்டும் வரவில்லை. “நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில்,” என்றார் முடிவாக.

*

பத்தாம் நாள் அப்பாவின் உறை வந்தது. கம்பெனி அனுப்பிய பட்டியலை அவர் இங்கே திருப்பி அனுப்பியிருந்தார். தட்டச்சில் ஐந்து ஊர். அமெரிக்கத் தேதிப்படி வெள்ளிக்கிழமைக்குள் தொலைபேசியில் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களே ஒரு ஊரைப் போட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் எதிரே அப்பா சிவப்பு மையில் குறிப்பு எழுதியிருந்தார். ஹூஸ்டன்: பெரியப்பாவின் சம்பந்தி வீடு, தனி அறை தருவார்கள். சிகாகோ: என் ஆபீஸ் சிநேகிதரின் மனைவி, ஞாயிறுதோறும் வந்து பார்ப்பார். லாஸ் ஏஞ்சல்ஸ்: அக்காவுக்கு ஒரே விமானம். பாஸ்டன்: பையன் அங்கேதான் இருக்கிறான், போட்டோ அடுத்த கடிதத்தில்.

கடைசி ஊரின் பெயர் பாதி அழிந்திருந்தது. தட்டச்சு நாடா அங்கே வந்து களைத்துப்போயிருக்க வேண்டும். ஒமாஹா. எதிரே அப்பா எழுதியிருந்தது: யாரும் இல்லை. அதன் கீழே இரண்டு கோடு.

என் நெஞ்சு ஒரு தடவை துள்ளியது. இந்தக் கட்டுரையில் நான் எதையும் மறைக்கப் போவதில்லை. பிறந்ததிலிருந்து நான் எந்தத் தெருவில் எந்த நிறத் தாவணியில் யாரோடு நின்றேன் என்பது, நான் வீடு வந்து சேர்வதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு ‘யாரும் இல்லை’ என்பது எச்சரிக்கையாகப் படவில்லை. கடற்கரைக் காற்று மாதிரி இருந்தது. ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? மற்ற நான்கு ஊர்களைக் காட்டி எனக்காகக் காத்திருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்களை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைப்பதில்லை.

அக்கா பழைய பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்தாள். ஒமாஹாவைத் தேடினோம். அமெரிக்கப் படம் இரண்டு பக்கத்தில் விரிந்திருந்தது. அந்த ஊர் சரியாக நடுவில், நூல் போட்டுத் தைத்த மடிப்புக்குள் விழுந்துகிடந்தது. முதல் எழுத்து இடது பக்கம், கடைசி எழுத்து வலது பக்கம், ஊர் நூலுக்கடியில்.

“தைக்கிறவனுக்கே இது வேண்டாம்னு தோணியிருக்கு,” என்று சொல்லிவிட்டு அக்கா லாஸ் ஏஞ்சல்ஸில் விரலை வைத்தாள். “இது பாரு. கடலோரம். இங்கேருந்து ஏறினா அங்கதான் இறங்கணும். பிள்ளை பிறந்தா ஒரு வாரம் லீவு போட்டு ஓடி வந்துடலாம்.”

அம்மா வீட்டுக்கு அவள் ஏங்குவது எனக்குத் தெரியாமலில்லை. அவள் அந்த அலமாரியில் அம்மா மாதிரியே மாவைப் போர்த்தித் தூங்க வைப்பதை நான் பார்த்திருந்தேன்.

மனதில் இருப்பதைச் சொல்லத் துணிவில்லாதவர்கள் விஞ்ஞானத்தில் இறங்குவார்கள். நானும் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். மழை, பஸ், வாடகை, காய்கறி, தனியாக நடக்கப் பயமில்லாத தெரு என்று தலைப்பிட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட ஆரம்பித்தேன். ஒமாஹாவைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாததால் எல்லாவற்றிலும் எட்டு போட்டேன்.

அத்தான் நோட்டை எட்டிப் பார்த்தார். “நீர் மார்க்ஸ் போட்டு ஊர் எடுக்கிறீர். நான் உம்மட அக்காவை எடுக்கேக்க இப்பிடி ஒண்டும் போடேல்லை.”

“போட்டிருந்தா நான் பாஸாகி இருக்க மாட்டேன்னு சொல்றாரு,” என்றாள் அக்கா, வெங்காயம் நறுக்கியபடி.

“நான் அப்பிடிச் சொன்னனானே? உமக்கு அமெரிக்கா தெரிஞ்ச ஆள் வேணுமெண்டால், எங்கட ஃபோர்மன் கெவின் அங்க இருந்தவர். நாளைக்குப் பென்ரோஸுக்கு வாரும், அவரோட கதைச்சுப் பாரும்.” பிறகு நோட்டை மூடிக் கொடுத்தார். “ஊர் தெரிஞ்செடுக்கிறதுக்கும் குடுத்து வைக்க வேணும் மச்சாள். என்ரை ஊரை விசாதான் தெரிஞ்செடுத்தது.”

அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

*

பென்ரோஸ் தொழிற்பேட்டை. அங்கே ஒரு குழாய்க் கிடங்கில் அத்தானுக்கு வேலை. எஞ்சினியரிங் சான்றிதழை இங்கே ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லையாம். குழாய்களை மட்டும் எண்ணச் சொன்னார்களாம். அக்கா பஸ்ஸில் நியூ லின்வரை அனுப்பி, அங்கிருந்து ரயில், நியூமார்க்கெட்டில் இறங்கி வேறு ரயில் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். கையில் அத்தானின் சாப்பாட்டு அடுக்கு.

பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொன்னார்கள். எங்கள் ஊரில் பஸ் நின்றதற்குக் கடவுளுக்குத்தான் நன்றி சொல்வோம். டிரைவருக்குச் சொல்வது வேறு. நானும் பழகிக்கொண்டு, இறங்கும்போது நன்றி சொன்னேன். “நல்லா இரு கண்ணே,” என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்த உற்சாகத்தில் ரயிலில் பக்கத்திலிருந்த தொப்பிப் பெண்மணியிடம் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டேன். அவர் ஆழ்ந்து யோசித்தார்.

“அங்கே ஏன் போக வேண்டும்? இங்கேயே நியூ லின்னில் எல்லாம் கிடைக்கிறதே.”

இதைக் குறித்துக்கொள்வதற்குள் நியூமார்க்கெட் வந்திருக்கிறது, நின்றிருக்கிறது, நான் பார்க்கவில்லை. ரயில் மறுபடி கிளம்பியபோது பின்னால் போகத் தொடங்கியது! வந்த வழியிலேயே என்னைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். டிக்கெட் கொடுப்பவர் ஓடி வந்தார். பக்கத்துப் பெண்மணி, “அது எப்போதும் அப்படித்தான் பின்பக்கமாகப் போகும், உட்கார்,” என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நியூமார்க்கெட்டில் இறங்காவிட்டால், ரயில் திசை மாறி ஆக்லாந்து ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிடுமாம். விட்டது. அரண்மனை மாதிரி உயரமான ஸ்டேஷன், அதில் நானும் ஒரு புறாவும் சாப்பாட்டு அடுக்கும். எழும்பூரின் கூட்டத்தில் கால்வாசியை இங்கே அனுப்பி வைத்தால் இரண்டு ஸ்டேஷனும் பிழைக்கும்.

பென்ரோஸ் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்து தேநீர் நேரம் வந்திருந்தது. அத்தான் ஆறிய புட்டையும் சம்பலையும் பிரித்தார். ஃபோர்மன் கெவின் ஒரு மரப்பெட்டியைத் தட்டி எனக்கு ஆசனம் போட்டார்.

“அமெரிக்காவா? எனக்கு நன்றாகத் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்திருக்கிறேன்.”

நான் நோட்டைத் திறந்தேன். “எத்தனை வருஷம்?”

“ஒன்பது மணி நேரம். விமான நிலையத்தில். அடுத்த விமானம் தாமதம்.” சம்பலில் ஒரு விரலை வைத்து நக்கினார். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் கௌரவத்தை விடவில்லை. “காப்பி பெரிய கோப்பையில் தருவார்கள். நாற்காலி எல்லாம் தரையோடு பிணைத்திருக்கும். எனக்கு ஊர் பிடித்திருந்தது.”

கெவின் சொன்ன நாற்காலிக்காக லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு மார்க் குறைத்தேன். நேர்மையாகச் சொன்னால், குறைக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா வீடுகளையும் போல எங்கள் வீட்டுக்கும் செய்தித்தாளில் சுற்றிய மீனும் உருளைக்கிழங்குச் சீவலும் வந்தன. அக்கா மேலே மிளகாய்த்தூள் தூவினாள். தன்னுடைய டப்பாவிலிருந்து. அத்தான் தன் பங்குக்குத் தன்னுடையதை. சாப்பிட்டுக்கொண்டே என் தலைவிதியை எழுதினார்கள்.

“பாஸ்டன் வேண்டாம்,” என்றாள் அக்கா. “அங்க போனா இவ வேலைக்குப் போறாளா, மாப்பிள்ளை பார்க்கப் போறாளான்னு தெரியாது.”

“ஹூஸ்டனும் வேண்டாம்,” என்றார் அத்தான். “சம்பந்தி வீட்டில அறை எண்டால், அறைக்குள்ள சம்பந்தியும் இருப்பினம்.”

“சிகாகோ?”

“குளிர்,” என்றார்கள் இருவரும்.

“அப்ப லாஸ் ஏஞ்சல்ஸ்தான்,” என்றாள் அக்கா. என் தட்டில் ஒரு பெரிய சீவலை வைத்தாள். “என்னடி, சரிதானே?”

ஐந்தாவது ஊர் ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாயில் உருளைக்கிழங்கு இருந்தது ஒரு வசதி. தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, தொலைபேசியைச் சுற்றி மூன்று பேரும் நின்றோம். கெடு முடிந்துவிட்டதே என்று நான் பதற, அத்தான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “பயப்பிடாதையும். நாங்கள் சனிக்கிழமைக்கு வந்திட்டம். அமெரிக்காக்காரர் இன்னும் வெள்ளிக்கிழமையிலதான் நிக்கினம்.”

கடல்கடந்த அழைப்பில் நாம் ஒன்று சொன்னால் அது போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். பதில் வருவதற்குள் பொறுமை போய் நாம் இன்னொன்று சொல்வோம். இரண்டும் நடுக்கடலில் முட்டிக்கொள்ளும். கம்பெனியில் பேசிய பெண்மணி இனிமையானவர். பெயர் கேட்டார், எழுத்துக்கூட்டச் சொன்னார், அங்கே என்ன வானிலை என்றார். பிறகு, “எந்த ஊர் என்று முடிவு செய்துவிட்டாயா?” என்றார்.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். “நேத்து பேசினதையே சொல்லிடவா?”

“ஓம்!” என்றார் அத்தான், என் காதருகில்.

“ஆமா!” என்றாள் அக்கா அதே மூச்சில், கை வளையல் குலுங்க.

நான் லாஸ் ஏஞ்சல்ஸ் என்றேன். அதே நேரத்தில் அந்தப் பக்கம் பெண்மணி பேசத் தொடங்கியிருந்தார். முட்டி மோதி, இரைச்சலுக்குப் பிறகு தெளிவாகக் கேட்டது இவ்வளவுதான்: “அருமை, எழுதிக்கொண்டேன். குடும்பமே இவ்வளவு உற்சாகமாக இருக்கிறார்களே!”

லைன் அறுந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். நடுவில் வயிறு இருந்ததால் அணைப்பு பக்கவாட்டில்தான் முடிந்தது. நான் நோட்டை எடுத்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். மூன்று நாள் நல்ல பெண்ணாக இருந்தேன். மாவு அரைத்தேன், துணியை மழைக்கு எடுத்து வெயிலுக்குப் போட்டேன்.

*

செவ்வாய்க்கிழமை தபால் பெட்டியில் தந்தி கிடந்தது. நான் பிரித்தேன். ஒமாஹா உறுதி, வாழ்த்துகள், விசாத் தாள்கள் தனியே, என்று இருந்தது.

இரண்டாவது தடவை படித்தபோதுதான் காதுக்குள் அந்தச் சனிக்கிழமை திரும்பக் கேட்டது. ஓம்! ஆமா! ஓம்–ஆமா. வளையல் சத்தமும் கடல் இரைச்சலும் கடைசி எழுத்தைக் கொஞ்சம் தேய்த்திருந்தால், ஒரு அமெரிக்கக் காதுக்கு அது வேறு என்னவாகக் கேட்டிருக்கும்? உலகத்திலேயே யாழ்ப்பாணமும் மெட்ராஸும் ஒரே தொலைபேசியில் சம்மதம் சொல்கிற ஒரு வீட்டால்தான் இந்த ஊருக்கு ஒரு ஆளைத் தெரியாமல் அனுப்பி வைக்க முடியும். வாசலிலேயே நின்று சிரித்தேன். மழை வந்தும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. “நாளைக்குக் காலையில போன் பண்ணி மாத்திடு,” என்றாள். “உங்க ‘ஓம்’மால வந்த வினை,” என்று சாயங்காலம் வந்த அத்தானிடம் சொன்னாள்.

“என்ரை ‘ஓம்’ தனியப் போனால் ஒரு ஊரும் வராது வசந்தி. உம்மட ‘ஆமா’ சேர்ந்தபடியாத்தான் வந்தது.”

மறுநாள் காலை அழைப்பதற்கு முன், அன்று மாலையே அக்கா என்னை நியூ லின் மாலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். குழந்தைக்குக் கம்பளி வாங்க வேண்டுமாம். இருக்கையைப் பின்னால் தள்ளி, கையை நீட்டி, எட்டத்திலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டினாள். ரவுண்டானாவில் ஒரு லாரிக்காரனை முறைத்து வழி வாங்கினாள். மெட்ராஸில் தெருவைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்கிறவள் இவள்.

“நீ இங்க வந்தப்ப உனக்கு யாரைத் தெரியும்க்கா?” என்றேன்.

“யாரையும் தெரியாது. அதனாலதான் உனக்குச் சொல்றேன்.” வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. “அவர் காலையில வேலைக்குப் போயிடுவார். மூணு மாசம் அந்த அலமாரியைத் திறந்து வச்சுக்கிட்டு, அந்தச் சூட்டுல உக்காந்து அழுதேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன்.”

கம்பளியில் மஞ்சள் நிறம் எடுத்தாள். எடுத்துக்கொண்டு, திரும்பும்போது நேர்வழியை விட்டுவிட்டுக் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்காமல், வழி மாற்றவேண்டும் என்று தோன்றியதால் மட்டும் மாற்றினாள்.

*

புதன்கிழமை காலை அதே தொலைபேசி. அத்தான் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். அக்கா என் எதிரே நாற்காலியில், மடியில் அட்லஸ். அதை எதற்கு எடுத்து வைத்தாள் என்று கேட்கவில்லை.

அமெரிக்கப் பெண்மணி தந்தி விஷயத்தைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். “லைன் மோசமாக இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மாற்றிவிடட்டுமா? நீ சொன்னால் போதும்.”

நான் சொன்னால் போதும். இதற்கு முன் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஒரு நிமிஷம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, தொலைபேசியின் வாயைக் கையால் மூடாமலே திரும்பினேன். “அக்கா. நான் ஒமாஹாவுக்கே போகட்டுமா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “அங்க யாருமே இல்லையேடி.”

“அதுக்காகத்தான்.”

மடியிலிருந்த அட்லஸை அவள் குனிந்து பார்த்தாள். மடிப்பை இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி விரித்தாள். தையல் நூல் ஒன்று பட்டென்று விட்டது. “பிள்ளை பிறந்தா வருவியா?”

“மூணு பிளேன் மாறி வருவேன்.”

“தயிர் உறையாது அங்க. பனி.”

“வெந்நீர் அலமாரி இருக்கிற வீடா பார்க்கிறேன்.”

தொலைபேசிக்குள் கடல் இரைந்துகொண்டிருந்தது. முகத்தில் பாதி நுரையோடு அத்தான் கதவருகே வந்து நின்றார். அக்கா மூக்கை உறிஞ்சினாள். நான்கு வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வராத அந்தச் சொல், உரத்து வந்தது.

“ஓம்.”

அத்தான் கையிலிருந்த சவரக்கத்தி அந்தரத்தில் நின்றது. அவளையே பார்த்தார். கடன்பட்டவர் மாதிரி அவசரமாக, நுரைக்குள்ளிருந்து, “ஆமா!” என்றார். “ஆமா, ஆமா!”

தொலைபேசியில் அந்தப் பெண்மணி கலகலவென்று சிரித்தார். “பார்த்தாயா, உன் வீட்டில் மறுபடியும் ஒமாஹா என்கிறார்கள்! நான் என்னதான் எழுதிக்கொள்வது?”

“முதல் தடவையே நீங்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்,” என்றேன்.